புச்சி பாபுவின் மைதானம்

நம் ஜெகதளாவில் சமதரை அகப்படுவது அருமை. தேயிலை இல்லாத இடத்தில் வீடு. வீடில்லாத இடத்தில் சரிவு. ஆயினும் பத்து கெஜம் மட்டமான பூமி கிடைத்துவிட்டால் போதும், ஊர்ப் பிள்ளைகள் மூன்று குச்சிகளை நட்டு கிரிக்கெட் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். பந்து தேயிலைக்குள் போனால் அடித்தவன் 'அவுட்'. தேடி எடுத்து வர வேண்டியவனும் அவனே.

சென்ற சனிக்கிழமை அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். தோட்டத்து வேலை முடிந்து திரும்பிய ஒரு தகப்பனார், சுமையை இறக்கி வைத்துவிட்டுத் தம் மகனுக்குப் பந்து போட ஆரம்பித்தார். பையன் முதல் பந்திலேயே விக்கெட்டைப் பறிகொடுத்தான். "இது கணக்கில் சேராது!" என்று தகப்பனாரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். மற்றப் பிள்ளைகள் போட்ட கூச்சலை அவர் லட்சியம் செய்யவில்லை.

அந்தக் காட்சி நமக்குப் புச்சி பாபு நாயுடுவை நினைவூட்டியது. 1868-ஆம் ஆண்டில் பிறந்த அவருடைய முழுப் பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. பாட்டனார் பாரி கம்பெனியின் துபாஷ். ஆகவே செல்வத்துக்குக் குறைவில்லை. மயிலாப்பூரில் லஸ் பங்களாவில் வாசம். சீமான் வீட்டுப் பிள்ளை எப்படி வேண்டுமானாலும் பொழுதைப் போக்கியிருக்கலாம். இவருக்கோ கிரிக்கெட்டின்மேல் மோகம் பிறந்தது.

அக்காலத்தில் சேப்பாக்கம் மைதானம் துரைமார்களுடைய சங்கத்தின் வசத்தில் இருந்தது. நம்மவர் அங்கே ஆடப் போனால், ஆட்டத்தில் எதிரிகளாக நிற்கலாம். பகல் உணவுக்கோ பந்தலுக்குள் இடம் கிடையாது, மரத்தடிதான். மைதானத்தில் சமமான மனிதன், சாப்பாட்டு வேளையில் எப்படித் தாழ்ந்தவனாகிறான் என்பதை எந்தத் துரையும் விளக்கியதாகத் தெரியவில்லை.

புச்சி பாபு மகஜர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1888-ல், இருபது வயதில், 'மதராஸ் யுனைடெட் கிளப்'பை ஸ்தாபித்தார். எஸ்பிளனேட் வெளியில் மைதானம் அமைந்தது. மட்டையும் பந்தும் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்குத் தம் கைப்பணத்தைச் செலவிட்டார். ஆட்டத்தில் அவர் சம்பாதித்தது ஒரு காசுமில்லை. இழந்த காசுக்குக் கணக்கும் வைக்கவில்லை.

வெள்ளையரும் இந்தியரும் சரிசமமாக மோதும் ஒரு பந்தயம் நடக்க வேண்டும் என்பது அவர் கனவு. அதற்கான ஏற்பாடுகளும் முடிந்தன. 1908 டிசம்பரில், அந்தப் பந்தயம் நெருங்கிய சமயத்தில், அவர் காலமானார். வயது நாற்பதுதான். தலைவர் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்கவில்லை, பி. சுப்பிரமணியம் இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். பின்னாளில் பொங்கலையொட்டி நடந்த இராஜதானிப் பந்தயங்களாக அவை பிரபலமடைந்து, நாடு சுதந்திரம் பெற்று சில ஆண்டுகள் வரைகூட நடைபெற்றன.

நம் மனத்தைத் தொடுவது இன்னொன்று. அவர் மறைந்தபோது மூன்றாவது மகன் ராமஸ்வாமிக்குப் பன்னிரண்டு வயது. வேறு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனதால் கோட்டா ராமஸ்வாமி என்று பெயர். அண்ணன்மார் பட், பாலையா ஆகியோரும் ஆட்டக்காரர்களே. ராமஸ்வாமி 1922-ல் டேவிஸ் கோப்பைக்காக இந்தியாவின் சார்பில் டென்னிஸ் ஆடினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1936-ல் மான்செஸ்டரில், நாற்பது வயதில், முதல் டெஸ்டில் இறங்கி 40-ம் 60-ம் அடித்தார். தகப்பனார் உலகை விட்டுப் போன அதே நாற்பது வயதில்! இரண்டே டெஸ்டுகள்தாம் ஆடினார். சராசரி 56-க்கு மேல். பேரப்பிள்ளைகளும் சென்னைக்காக ஆடினார்கள்.

தகப்பனாரின் ஆட்டத்தை அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் எத்தனை நாள் பார்த்திருக்கக் கூடும்? ஆயினும் மட்டை பிடிக்கும் ஆசை அவனிடம் தங்கிவிட்டது.

புச்சி பாபுவின் பெயரால் நடக்கும் போட்டி இடையில் சில ஆண்டுகள் நின்றிருந்து, 2023-ல் மீண்டும் தொடங்கியது. அவர் முகத்தை அறிந்தவர் இன்று எவருமில்லை.

ஜெகதளாவில் அன்று மாலை மூடுபனி இறங்கிவிட்டது. பந்து தேயிலைக்குள் போய் வெகு நேரமாயிற்று. பையனுக்கு இருட்டில் பயம் போலிருக்கிறது. தகப்பனார்தான் குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.