நாலு படி

பெரம்பூரில் எங்கள் வீட்டு ஓனருக்கு ஒரு பெருமை உண்டு. "நான் வீடு கட்டினப்போ ரோட்டுலேர்ந்து நாலு படி ஏறணும் தம்பி. இப்ப ஒரு படி இறங்கணும்" என்பார். வீடு பூமிக்குள் புதைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். ரோடு வளர்ந்துவிட்டது! பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டுப் போட்டு... அண்ணன் பையன்கூட அவ்வளவு வேகமாக வளரவில்லை.

விவரமான மனுஷர். படி ஒவ்வொன்றாய்க் குறையக் குறைய, முதல் மாடிக்குக் குடிபோய்விட்டார். மொட்டை மாடி ரூமில் நான். கீழ்ப் போர்ஷனில் வாடகை குறைவு. அங்கே இஸ்திரி வண்டிக்காரர் குடும்பம்.

2023 டிசம்பர் 3-ம் தேதி ராத்திரி. மிக்ஜாம் புயல். அது கரையைக் கடந்தது என்னவோ 5-ம் தேதி, ஆந்திராவில் பாபட்லா பக்கம். நமக்கு வந்தது மழை மட்டும்தான். (இந்த 'மட்டும்' என்ற வார்த்தைக்கு வட சென்னையில் யாரிடமாவது அர்த்தம் கேட்டால் உதைப்பார்கள்.) இரண்டு மணி சுமாருக்கு என் கதவு டொக் டொக்கென்றது. காற்று என்று நினைத்துப் போர்த்திக்கொண்டேன். காற்று மூன்று தடவை விட்டு விட்டுத் தட்டாது என்பது காலையில்தான் உறைத்தது. பெண்ணின் புத்தகப் பையையும் சர்டிபிகேட்டுகளையும் என் ரூமில் வைக்கலாமா என்று கேட்க வந்திருக்கிறார்.

ஒரே மழை, ஒரே கதவு எண். எனக்கு நாலு நாள் லீவு, அவருக்குப் பேரிடர்.

இதற்கென்றே படித்தவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இயற்கை தருகிற ஆபத்தை, அது வந்து விழுகிற இடத்தின் பலவீனத்தால் பெருக்கவேண்டும். வருகிற விடைதான் பேரிடர். 2010 ஜனவரியில் ஹைட்டியில் பூகம்பம், அளவு 7.0. லட்சத்துக்கும் மேல் சாவு. அடுத்த மாதமே சிலியில் 8.8. சக்தியில் அதைவிட சுமார் 500 மடங்கு பெரிசு. செத்தவர்கள் சுமார் 500 பேர். சிலியில் கட்டடங்களுக்குச் சட்டம் இருந்தது, அதைப் பின்பற்றவும் செய்தார்கள். ஹைட்டியில் வறுமையும் சிமெண்ட் குறைவான சுவர்களும் இருந்தன.

நம்ம பேட்டைக்கு வாருங்கள். ஓட்டேரி என்று பெயரிலேயே ஏரி. கொளத்தூர் என்று பெயரிலேயே குளம். வில்லிவாக்கம் ஏரியில் பெரும்பகுதி சிட்கோ நகர் ஆகிவிட்டது. மழைத் தண்ணீருக்கு இந்த மாதிரி லே-அவுட் விவகாரமெல்லாம் புரியாது. பழைய அட்ரஸுக்கே வருகிறது. வந்தால் வடிய வேண்டிய வழி ஓட்டேரி நல்லா. பேர்தான் நல்லா, ஆள் நல்லா இல்லை. அது போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு காலத்தில் ஆந்திராவிலிருந்து விறகுப் படகுகள் வந்தன. இப்போது சாக்கடையும் பிளாஸ்டிக்கும் வருகின்றன. வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போனால், அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து ஆழமே குறைந்துபோயிருக்கிறது.

அந்த டிசம்பரில் எண்ணூர்க்காரர்கள் பட்டது தனிக் கதை. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அது காய்வதற்குள் 26-ம் தேதி நள்ளிரவு, உரத் தொழிற்சாலைக்குக் கடலுக்கடியில் போகும் குழாயில் அம்மோனியா கசிவு. பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சு முட்டித் தெருவில் ஓடினார்கள். புயல் வேண்டுமானால் வானத்தைக் கேட்டு வரும். எண்ணெய்க் குழாயும் அம்மோனியாக் குழாயும் யார் வீட்டு வாசலில் போக வேண்டும் என்று முடிவு செய்தது வானம் இல்லை. போட் கிளப் ரோட்டில் போகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

நான் பி.காம். அதில் உருப்படியாக ஞாபகம் இருப்பது ஒன்றுதான்: 'கொடுபட வேண்டிய செலவு'. வருஷக் கடைசியில் அதைக் காட்டாமல் விட்டால் லாபம் கொழுகொழுவென்று தெரியும். தூர் வாராத கால்வாய், சுரண்டாத ரோடு, மூடின ஏரி எல்லாம் அந்த ரகம். பில் மட்டும் கீழ்ப் போர்ஷனுக்கு வந்துவிடுகிறது.

இஸ்திரிக்காரருக்கு வந்த பில்: கட்டில் மெத்தை, கரி மூட்டை, வாடிக்கைக்காரர்கள் துணி இரண்டு மூட்டை. அதில் ஒரு பட்டுப் புடவை சாயம் போய்விட்டது. அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 6,000 ரூபாய் வந்தது. பாதிக்கு மேல் புடவைக்கே போயிற்று. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அயர்ன் பண்ணிக் காயவைத்துப் பார்த்தார். தொழில்காரர் கைதான், ஆனாலும் நம்பர் எல்லாம் ஊறிப்போய்விட்டது. புதுசு வாங்க அலைந்த நாட்களுக்கு வண்டி ஓடவில்லை, வட்டிக்கு வாங்கினார்.

"மேல எங்கயாவது பாக்கக்கூடாதா அண்ணே?" என்று கேட்டேன்.

"மாடி வாடகை யார் சார் குடுக்கறது? இங்கதான் கஸ்டமர் கீறாங்க."

அதற்கப்புறம் ஒரு மழைக்கு முன்னால், சட்டை வாங்கப் போனேன். பீரோவை நாலு பக்கமும் செங்கல் அடுக்கித் தூக்கி வைத்திருந்தார். பக்கத்துக்கு மூன்று.

"போன தபா ரெண்டுதான் வெச்சிருந்தேன் சார்" என்றார்.

வெளியே வந்தேன். தெருமுனையில் ஜல்லி கொட்டியிருந்தது. ரோடு போடப் போகிறார்களாம்.