மாட்டுக்கொட்டகையும் கல்லூரி வரலாறுதான்

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1897-98இல் கட்டிய பால்பண்ணைக் கொட்டகை ஒன்று இன்றும் நிற்கிறது. 1907 முதல் 1911 வரை அங்கே 16 கிடேரிகளை நான்கு பிரிவாக்கித் தீனி போட்டார்கள். ஒரு பிரிவுக்கு மக்காச்சோளப் பயிர் மட்டும். அடுத்ததற்குக் கோதுமை, மூன்றாவதற்கு ஓட்ஸ், நான்காவதற்கு மூன்றும் கலந்தது. வேதியியல் கணக்குப்படி நான்கிலும் சத்து ஒன்றுதான். மாடுகளின் உடம்பு வேறு கணக்குச் சொன்னது. மக்காச்சோளம் தின்றவை தெம்பான கன்றுகளை ஈன்றன. கோதுமை மட்டும் தின்றவற்றின் கன்றுகள் செத்துப் பிறந்தன, அல்லது பிறந்த கையோடு மடிந்தன. புரதம், மாவுச்சத்து, கொழுப்பு என்ற கணக்கில் அகப்படாத ஏதோ ஒன்று உணவில் இருக்கிறது என்பது அந்தத் தொழுவத்தில் உறைத்தது. அந்தப் புதிரைத் தொடர்ந்துபோன எல்மர் மெக்காலம், மார்கரிட் டேவிஸுடன் சேர்ந்து, 1913இல் வைட்டமின் ஏ இருப்பதைக் காட்டினார்.

2005இல் அந்தக் கொட்டகை தேசிய வரலாற்றுச் சின்னமானது. இப்படித் தப்பியவை மிகக் குறைவு.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கதை நேரெதிர். 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், மாநிலத்தின் ஒவ்வொரு செனட்டருக்கும் பிரதிநிதிக்கும் 30,000 ஏக்கர் என்ற கணக்கில் பொதுநிலத்தைக் கொடுத்து, வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு வழிசெய்தது. அந்த நிலமெல்லாம் பூர்வகுடிகள் பறிகொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கார்னெல் 1868இல் திறக்கப்பட்டது, எஸ்ரா கார்னெல் தந்த சொந்தப் பண்ணை நிலத்தில். 1904இல் நியூயார்க் மாநிலம் அங்கே வேளாண் கல்லூரிக் கட்டடங்களுக்கு 2,50,000 டாலர் ஒதுக்கியது. அதற்காக மன்றாடியவர் தாவரவியல் அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி. 1905இல் அடிக்கல் விழாவுக்குப் பதிலாக ஏர் பூட்டினார்கள். மாணவர்களே கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். நடுவில் ராபர்ட்ஸ் ஹால், ஒருபுறம் உழவியலுக்கு ஸ்டோன் ஹால், மறுபுறம் பாலியலுக்குக் கிழக்கு ராபர்ட்ஸ் ஹால் என்று மூன்று கட்டடங்கள் எழுந்தன.

1984இல் இந்த மூன்றும் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் ஏறின. அடுத்த சில ஆண்டுகளில் மூன்றையும் இடித்துவிட்டார்கள். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறினால் போதும், காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உரிமையாளர் தன் சொந்தப் பணத்தில் இடிக்க முனைந்தால் அந்தப் பதிவு தடுக்காது. எழும்பிய புதுக் கட்டடத்துக்கும் ராபர்ட்ஸ் பெயரையே வைத்தார்கள். பெயர் தொடர்வதால் இழப்பே கண்ணில் படாமல் போகிறது. இதை நினைவுகூரல் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

வேளாண் கட்டடங்களுக்கே ஏன் இந்தக் கதி? தொழுவமும் களஞ்சியமும் வளாகத்தின் ஓரத்தில் கட்டப்பட்டவை. வளாகம் வளர வளர ஓரம் நடுவாகிறது, நிலத்தின் மதிப்பு ஏறுகிறது. பால் கறக்கும் முறையும் சுகாதார விதியும் மாறும்போது பழைய கொட்டகை பயனற்றதாகிறது. இவை கண்ணுக்குத் தெரியும் காரணங்கள். வெளியில் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. தூண்களும் மணிக்கூண்டும்தான் கல்வியின் முகம், சாணமும் வைக்கோலும் அல்ல என்ற எண்ணம். மோரில் சட்டக் கல்லூரிகளை ‘மாட்டுக் கல்லூரி’ என்று கேலி பேசிய காலம் உண்டு. அந்தக் கேலிக்குக் கூசியவர்கள், சான்றுகளையே முதலில் அப்புறப்படுத்தினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எல்லாக் கொட்டகையும் நிற்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் படிக்கும் வளாகத்தின் நடுவே மாடு கட்ட முடியாது. ஆனால், வழி இருக்கிறது. கார்னெலிலேயே 1893இல் கட்டிய பால்பண்ணைக் கட்டடத்தை இடிக்காமல், கோல்ட்வின் ஸ்மித் ஹாலின் வடக்குச் சிறகாகச் சேர்த்துக்கொண்டார்கள். வெண்ணெய் கடைந்த இடத்தில் இலக்கியம் கற்பித்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் இன்னும் ஒருபடி மேலே போனது. 1876இல் தொடங்கிய மாரோ சோதனை வயல் மீது நிழல் விழக் கூடாது என்பதற்காக 1969இல் நூலகத்தையே மண்ணுக்கடியில் கட்டியது. வயலை மதித்த ஒரு நிர்வாகம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நமக்கும் இதில் பங்குண்டு. 1868இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906இல் கோவைக்கு இடம்பெயர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமானது. கோவையின் பெருமை எல்லோருக்கும் தெரியும். சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை இருந்ததை இன்று முக்கியமாக நினைவில் வைத்திருப்பவை நிலப் பத்திரங்கள்தான். அந்த வட்டாரத்துப் பத்திரங்களில் ‘கவர்ன்மென்ட் ஃபார்ம்’ என்ற கிராமப் பெயர் வருகிறது. எந்தக் கல்லூரியானாலும் பழைய கொட்டகையை இடிக்க ஒப்பந்தப்புள்ளி கோருமுன் அதன் அளவு வரைபடம், ஒளிப்படங்கள், அங்கே வேலை பார்த்த பண்ணையாட்களின் வாய்மொழி ஆகிய மூன்றையும் பதிந்து நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று அரசு ஆணையிடலாம். இதற்கு ஆகும் செலவு, இடிக்க ஆகும் செலவில் ஒரு சிறு பங்குகூட வராது.