படத்தை இழுத்து நிரப்பலாமா?

பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக நீங்கள் ஒரு வீடியோப் படம் தொகுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய கேமராவில் எடுத்த காட்சிகளோடு ஒரு பழைய காட்சியையும் சேர்க்க வேண்டும். 1971ஆம் ஆண்டு அப்போலோ-15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலவில் நின்று, ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருசேரக் கீழே விட்ட காட்சி அது. காற்றில்லாத நிலவில் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொட்டன.

இங்கே ஒரு சிக்கல். அக்காலத் தொலைக்காட்சிப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 4:3. இன்றைய திரையின் விகிதமோ 16:9. பழைய படத்தை நடுவில் வைத்தால் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். பலர் அதை விரும்பாமல், படத்தை அகலவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பிவிடுகிறார்கள். இது கூடாது என்பதே என் கருத்து.

ஏன்? 4:3 என்பது 12:9க்குச் சமம். 12ஐ 16 ஆக்கினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, உயரம் மாறுவதில்லை. வட்டம் நீள்வட்டமாகிவிடும். இத்தகைய காட்சியை அளந்து நிலவின் ஈர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம் அல்லவா? படுக்கைவாட்டில் உள்ள ஒரு பொருளை அளவுகோலாகக் கொண்டால், இழுத்த படத்தில் விழுந்த தூரம் கால் பங்கு குறைவாகக் கிடைக்கும். விடையும் அவ்வாறே குறையும்.

மேலும் கீழும் வெட்டி நிரப்பினால்? உயரத்தில் கால் பங்கு போய்விடும். இறகு தரையைத் தொடும் இடம் அதில் இருந்தால் சோதனையே போயிற்று!

பெரிதாக்கினால் தெளிவு கூடும் என்பதும் வீண் நம்பிக்கை. நம் நாட்டில் வழங்கிய பழைய முறை டிஜிட்டல் வீடியோவில் 720×576, அதாவது 4,14,720 புள்ளிகள். 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். சரியாக 5 மடங்கு. குறைவதைக் கணிப்பொறி அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு ஊகித்தே நிரப்புகிறது. செயற்கை நுண்ணறிவு தருவதும் ஊகமே. கேமரா பதியாத விவரம் திரும்பி வராது.

வெறும் அலங்காரக் காட்சியானால் விருப்பம்போல் வெட்டுங்கள். சான்றாகக் காட்டும் படமானால் உயரம் 1080, அகலம் 1440 என்று வையுங்கள். இருபுறமும் 240 புள்ளி அகலத்துக்குக் கறுப்பாக இருக்கட்டும். செல்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்துக்கும் இதே முறைதான். கறுப்புப் பட்டை குறையல்ல. கேமரா கண்டது இவ்வளவுதான் என்று பார்ப்பவருக்கு அது உண்மையைச் சொல்கிறது.