நெக்ஸ்ட்... நெக்ஸ்ட்... சர்ட்டிஃபிகேட்!

எங்கள் வங்கியில் வருஷா வருஷம் கம்ப்யூட்டரில் ஒரு பயிற்சி உண்டு. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குபவனைக் கண்டுபிடிப்பது எப்படி என்று. நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போய், பத்துக் கேள்வியில் எட்டை சரியாக அடித்தால் சர்ட்டிஃபிகேட். நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டே முடித்திருக்கிறேன். அதை வைத்து ஒரு திருடனையும் பிடித்ததில்லை. (எங்கள் மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, பயமில்லை.)

போன மாதம் அக்கா மகள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பல் டாக்டருக்குப் படிக்கிறாள், கடைசி வருஷம். வாய்ப் புற்றுநோய் பற்றி ஆன்லைன் பயிற்சி முடித்த சர்ட்டிஃபிகேட்.

"ரெண்டே மணி நேரம் மாமா!"

"எத்தனை பேர் வாயைப் பார்த்தே?"

"அது கோர்ஸ்ல இல்ல மாமா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயலில் பாலகாட். சித்தப்பா சாம்பியன் ரீஃப்பில் வேலை பார்த்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, புகையிலை போகவில்லை. கடைவாயில் அடக்கிக்கொண்டே தூங்குவார். சில வருஷம் கழித்து, பல் ஆடுகிறது என்று ஒரு பல் டாக்டரிடம் போனார். பிடுங்கி, மாத்திரை கொடுத்து அனுப்பினார் அவர். குழி ஆறவில்லை. திரும்பப் போனார், திரும்ப மாத்திரை. மூன்று மாதம் இப்படியே. பெங்களூர் கிட்வாய்க்குக் கூட்டிப் போனபோது தாடை எலும்பு வரை போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு வருஷம்கூட இல்லை.

அந்த டாக்டர் புற்றுநோயைப் பற்றிப் படிக்காதவரா? படித்தவர்தான். பரீட்சை வைத்தால் பத்துக்குப் பத்து வாங்குவார். கண்ணாடியை விட்டுக் கன்னத்தை இழுத்து ஒரு நிமிஷம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துகளை வைத்து 1996-ல் ஓர் ஆய்வு ஆரம்பித்தார்கள். வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பட்டதாரிகள். புகையிலை, குடி பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்தது என்று 2005-ல் லான்செட்டில் வந்தது. அதற்கப்புறம் நாம் என்ன செய்தோம்? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், 30லிருந்து 49 வயதுக்குள் ஒரு தடவையாவது வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2. வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் புதிதாக இந்த நோய் வரும் நாட்டில்! 300-க்கும் மேல் பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் நாட்டில்! எங்கள் தங்கவயலிலேயே பெமல் நகரில் ஒன்று இருக்கிறது.

ஆன்லைனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிராமத்தில் கிளினிக் வைத்திருப்பவர் நொய்டாவில் இருக்கும் நிபுணரிடம் கேஸைக் காட்டிக் கேட்க முடிகிறது என்றால் நல்லதுதானே. நான் இருக்கும் பிரிட்டனிலும் பல் டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு 100 மணி நேரம் பயிற்சிக் கணக்குக் காட்ட வேண்டும். அதில் பாதி ஆன்லைனில்தான் ஓடும் போல. ஆனால் என் டாக்டர், பல் கூச்சம் என்று போனால்கூட, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரண்டு பக்கமும் பார்க்காமல் விடுவதில்லை. நாற்காலியில் அவருக்கு அது பழக்கம்.

கல்லாவில் புதுசாக உட்காரும் பையனுக்குக் கள்ளநோட்டைப் பற்றி வீடியோ மட்டும் காட்டி விடுவோமா? நல்ல நோட்டை ஆயிரக்கணக்கில் விரலால் எண்ணி எண்ணித்தான் கள்ளநோட்டு கையில் தட்டுப்படும். அப்படி, ஐம்பது வாயாவது பார்த்து, கூட நின்ற சீனியர் கையெழுத்துப் போட்ட நோட்டைக் காட்டினால்தான் சர்ட்டிஃபிகேட் என்று வையுங்களேன். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்காத பாக்குப் பழக்கக்காரர் எல்லாம் அந்த ஐம்பதில் வந்துவிடும். (வெறும் பாக்கே புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2003-லேயே சொல்லியாகிவிட்டது. நம் கல்யாணத் தாம்பூலத்தில் இன்னும் அதுதான்.)

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அப்பா அம்மாவைப் பல்செட்டுக்குக் கூட்டிப் போவீர்கள் இல்லையா, "டாக்டர், கன்னத்து உள்பக்கம், நாக்குக்கு அடியிலயும் பார்த்துடுங்க" என்று வாயைத் திறந்து கேளுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

அக்கா மகளைத் திட்டி ஒரு பெரிய மெசேஜ் போட்டிருந்தேன். இரண்டு நாள் பதிலே இல்லை. மூன்றாம் நாள், பாலகாட் வீட்டில் டார்ச்சும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கும் படம். முதல் ஆள் என் அம்மா. "இருடி, துப்பிட்டு வரேன்" என்று எழுந்து போனாராம்.

வலது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறதாம். திங்கட்கிழமை கோலாருக்குக் கூட்டிப் போகிறார்கள்.