‘படித்து வருகிறேன்’ என்பதற்கு ஆங்கிலம் என்ன?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் முன்னோர் வாக்கு. எத்தனை நாள் அடித்தால் நகரும் என்று அப்பழமொழி சொல்லவில்லை. சொல்லாமலேயே நமக்குப் புரிகிறது. ‘அடிமேல் அடி’ என்னும் அந்த அமைப்பிலேயே நாளும் உழைப்பும் அடங்கிக் கிடக்கின்றன. மெல்ல நகரும் முன்னேற்றத்தையும் நெடுநாள் உழைப்பையும் சொல்வதற்கு ஆங்கிலமும் தன் இலக்கணத்தில் இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தை நமக்குச் சரியான வழியில் காட்டவில்லை என்பதே என் குறை.

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தேன். ஆங்கிலம் எப்படி வரும் என்று கேட்டார்கள். “ஐ ஆம் லேர்னிங் இங்கிலீஷ் சின்ஸ் ஃபோர்ட்டீன் இயர்ஸ்” என்றேன். கேட்டவர் சிரித்துவிட்டார். “பதினாலு வருஷம் படிச்சும் இவ்வளவுதானா தம்பி?” என்றார். பக்கத்தில் இருந்தவரும் சிரித்தார். திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் இறங்கி, பண்ருட்டிப் பேருந்துக்குக் காத்திருந்த வேளையில், நான் சொன்ன வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். என் பிழை எது?

பிழைகள் இரண்டு. ‘ஆம் லேர்னிங்’ என்றது ஒன்று. ‘சின்ஸ்’ என்றது மற்றொன்று. இரண்டையும் திருத்தும் மருந்து என் தாய்மொழியிலேயே இருந்தது என்பதை அன்று நான் அறியவில்லை.

‘கற்றுவிட்டேன்’ என்றால் வேலை முடிந்தது. ‘கற்று வருகிறேன்’ என்றால் முன்னே தொடங்கியது இன்றுவரை தொடர்கிறது. இங்கே ‘வா’ என்னும் வினை நடந்து வருவதைக் குறிக்கவில்லை. துணைவினையாகி, காலத்தின் நீட்சியைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் இதே வேறுபாடு உண்டு. ‘ஐ ஹேவ் லேர்ன்ட்’ என்பது கற்றுவிட்டேன். ‘ஐ ஹேவ் பீன் லேர்னிங்’ என்பது கற்று வருகிறேன். பேச்சில் நாம் “பதினாலு வருஷமா படிக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் ‘படிக்கிறேன்’தான் ஆங்கிலத்தில் ‘ஆம் லேர்னிங்’ ஆகித் தொல்லை தருகிறது. ‘படித்து வருகிறேன்’ என்று நினைத்தவனுக்கு ‘ஹேவ் பீன்’ எளிதில் வாய்க்கும்.

அடுத்தது ‘சின்ஸ்’. ‘பதினான்கு ஆண்டுகளாக’ என்பது கால அளவு. ‘2010 முதல்’ என்பது தொடங்கிய இடம். ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’. ‘முதல்’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’. இவ்வளவுதான் செய்தி. ஆனால் பள்ளியில் நாங்கள் கற்றது என்ன? ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ் டென்ஸ்’ என்று நீண்ட பெயர் ஒன்று. அதன்கீழ் ஒரு வாய்பாடு. வாய்பாட்டை ஒப்பித்தோம், மதிப்பெண் பெற்றோம், மறந்தோம்.

நெடிய உழைப்பைச் சொல்ல ஆங்கிலத்தில் இன்னும் பல வழிகள் உண்டு. ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ என்பது நம் படிப்படியாக. ‘லிட்டில் பை லிட்டில்’ என்பது சிறுகச் சிறுக. ‘ப்ளோ அப்பான் ப்ளோ’ என்பது சாட்சாத் நம் அடிமேல் அடியேதான். ‘ஹி வாக்ட் அண்ட் வாக்ட்’ என்றால் நடந்து நடந்து என்று பொருள். அடுக்குத்தொடர் விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் ஆகியவற்றில் வரும் என்று இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். பாம்பு பாம்பு என்றால் விரைவும் அச்சமும். ஆனால் நடந்து நடந்து என்னும்போது விரைவா தெரிகிறது? கால் வலியன்றோ தெரிகிறது! ஒரே அடுக்கு அவசரத்தையும் காட்டும், ஆயாசத்தையும் காட்டும்.

நம்மிடம் நேரே இல்லாத அமைப்பும் ஆங்கிலத்தில் உண்டு. அதற்கும் நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கல்லிலே கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் பெருமான் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூரை அடுத்தது என்பது வரலாறாக வழங்குகிறது. கரையேறவிட்ட குப்பம் என்ற பெயரே அதைச் சொல்லும். அவர் முதுமையில் கயிலைக்குப் புறப்பட்ட கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. நடந்தார்; கால் தேய்ந்தது. கைகளால் தவழ்ந்தார், கையும் தேய்ந்தது. மார்பால் ஊர்ந்தார், பின்னர் உருண்டார். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘ஹி க்ரால்ட் ஹிஸ் வே’ என்பார்கள். வெறுமனே ‘க்ரால்ட்’ என்றால் தவழ்ந்தார். ‘ஹிஸ் வே’ சேர்ந்துவிட்டால், இடையூறுகளுக்கு நடுவே தவழ்ந்து தவழ்ந்து தமக்கென ஒரு வழியை உண்டாக்கி முன்சென்றார் என்று பொருள் விரிகிறது. இரண்டே சிறு சொற்கள். அவற்றுள் ஒரு யாத்திரையே அடங்கிவிடுகிறது.

அடுத்து ‘டு’ போடுவதா, ‘டுவர்ட்ஸ்’ போடுவதா? ‘டு’ போட்டால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாகும். அப்பர் அவ்வழியே போய்ச் சேரவில்லை. இறைவன் ஆணைப்படி பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து, அங்கே கயிலைக் காட்சி கண்டார் என்பது கதை. ஆகவே ‘டுவர்ட்ஸ்’, அதாவது கயிலையை நோக்கி, என்பதே பொருந்தும். இப்படி ஒரு கதையைக் கொண்டு விளக்கினால் எந்த மாணவன் மறப்பான்?

“ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் கெடும்” என்பார் சிலர். தமிழில் நினைப்பதால்தான் பிழை வருகிறது என்பது அவர்கள் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. என் வாக்கியமே அதற்குச் சான்று. ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவன் தமிழில் நினைக்காமல் வேறு எதில் நினைப்பான்? நினைக்காதே என்று தடுப்பதைவிட, சரியான தமிழ்த் தொடரை நினைக்கச் சொல்வதே பயன் தரும். தமிழைக் கதவுக்கு வெளியே நிறுத்தினால், கூடவே எங்களில் பாதிப் பேரும் வெளியே நின்றுவிடுகிறோம். அரியர் எழுதி எழுதி அலுத்து, ஆங்கிலத்தையும் பட்டத்தையும் ஒருசேரக் கைவிட்ட நண்பர்களை நான் அறிவேன்.

நேரம் எடுப்பது குற்றமன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் தொடங்கியது. ஆறு தொகுதிகளும் நிறைவுற்றபோது ஆண்டு 1936. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி வெளிவந்தது 1884இல். முழு அகராதி முடிந்தது 1928இல். அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1915இலேயே மறைந்துவிட்டார். முடிவை அவர் காணவில்லை. ஆங்கிலேயர் தம் சொற்களைத் தாமே தொகுத்து முடிக்க அத்தனை காலம் ஆயிற்று. அம்மொழியை அயலானாகிய நான் பதினான்கு ஆண்டுகளாகக் கற்று வருகிறேன் என்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

என் தாய் முந்திரிக்கொட்டை உடைக்கும் தொழிலாளி. கொட்டையின் பால் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருக்கும். ஒவ்வொரு கொட்டையாக உடைத்து, ஒவ்வொரு கிலோவாகச் சேர்த்த கூலியில்தான் என் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. அன்று வீடு திரும்பி நடந்ததைச் சொன்னேன். “நான் இத்தனை வருஷமா உடைக்கிறேன், இன்னும் ஒண்ணு ரெண்டு பருப்பு ஒடிஞ்சுதான் போவுது. அதுக்காக விட்டுடுவாங்களா கண்ணு?” என்றார். ‘ஹேவ் பீன்’ என்பதன் பொருள் எனக்கு விளங்கியது அப்போதுதான்.

‘கற்றுவிட்டாயா?’ என்றுதான் தேர்வுகள் கேட்கின்றன. ‘கற்று வருகிறேன்’ என்ற விடைக்கு இலக்கணத்தில் இடம் இருக்கிறது. வகுப்பறையிலும் இருக்க வேண்டும். இனி யாரேனும் கேட்டால் நான் தலை குனியாமல் சொல்வேன்: “ஐ ஹேவ் பீன் லேர்னிங் இங்கிலீஷ் ஃபார் ஃபிஃப்டீன் இயர்ஸ்.” ஆம், ஓராண்டு கூடியிருக்கிறது, அம்மியும் சற்றே நகர்ந்திருக்கிறது.