எங்கள் வயலுக்கு வந்த தண்ணீர் உங்கள் கணக்கில் இல்லை

அதிகாரிகளே, வடிகாலை மேம்படுத்தியாயிற்று, அதனால் என்ன பலன் என்று கணக்கெடுக்க வந்தீர்கள். வந்தது சித்திரையில். வாய்க்காலில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. தலைமடைப் பாலத்தில் ஜீப்பை நிறுத்தி அகலம் அளந்தீர்கள், ஆழம் அளந்தீர்கள், கரையில் நின்ற நாலு பேரிடம் கையெழுத்து வாங்கினீர்கள். அந்த நாலு பேரும் பொய் சொல்லவில்லை. ஐப்பசி மழையில் நாள்கணக்காக முழுகிக் கிடந்த அவர்கள் நடவு இப்போது சீக்கிரமே தலை தூக்கிவிடுகிறது. நல்லா இருக்கட்டும். எங்களுக்குப் பங்காளியும் சம்பந்தியும் அந்தத் தலைமடை ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் அங்கே வடிந்த தண்ணீர் எங்கே போனது என்று உங்களில் ஒருத்தராவது கேட்டீர்களா?

எங்கள் வயலுக்கு வந்தது ஐயா!

தலைஞாயிற்றுக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடை நாங்கள். ஒரு ஹெக்டேரில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து லட்சம் லிட்டர் தண்ணீர். முன்பெல்லாம் அது மேலே கொஞ்சம் நின்று, கோரையிலும் காட்டாமணக்கிலும் முட்டி மோதி, மெதுவாகத்தான் இறங்கும். இப்போது பொக்லைன் விட்டு அகட்டிவிட்டீர்கள். மொத்தமும் ஒரே ராத்திரியில் வந்து நிற்கிறது. எங்கள் ஊர் மதகு மட்டும் அதே பழைய மதகு. கேட்டால் “அது இந்த எஸ்டிமேட்டில் வராது” என்கிறார்கள். அடுத்த வீட்டுக் குப்பையை எங்கள் வாசலில் தள்ளிவிட்டு, தெரு சுத்தமாகிவிட்டது என்று ரிப்போர்ட் எழுதினால் அது என்ன நியாயம்?

மதகைத் தாண்டினால் கடல். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பெருகும். அப்போது கடைமடை ஷட்டரை இறக்காவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே ஏறும், இறக்கினால் மேலேயிருந்து வரும் வெள்ளம் எங்கள் பயிர்மேல் நிற்கும். வாய்க்காலை ஆழமாக்கியதில் உப்பு ஏறுவதற்கும் வழி சுலபமாகிவிட்டது. 2008-இல் நிஷா புயல் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது வருணனைத் திட்டினோம். 2018-இல் கஜா வந்தபோது விதியை நொந்தோம். இந்த வெள்ளம் பிளான் போட்டு, டெண்டர் விட்டு, பில் பாஸ் பண்ணி அனுப்பிய வெள்ளம். இதற்கு யாரை நோவது?

மழைக்காலத்தோடு முடிந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொள்வோம். தையில் இன்னொரு கொடுமை. சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், கதிர் நிற்கும்போதே ஈரச் சேற்றில் உளுந்து, பயறு தெளிப்பது டெல்டாவின் வழக்கம். அறுத்த பிறகு அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் அதை வளர்க்கும். நெல்லில் விட்ட காசை உளுந்தில் பிடித்துத்தான் எத்தனையோ குடும்பம் வட்டி கட்டுகிறது. வடிகாலைத் தோண்டு தோண்டென்று தோண்டினீர்களே, வாய்க்கால் ஓரத்து வயல்களில் அந்த ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு போகிறது. மாசி பிறப்பதற்குள் வயல் பாளம் பாளமாக வெடித்துவிடுகிறது. மழையில் எங்களை முழுகடித்த அதே வாய்க்கால், வெயிலில் எங்களைக் காயப்போடுகிறது. உங்கள் படிவத்தில் உளுந்துக்கு ஒரு கட்டம் உண்டா?

நிலம் இல்லாதவர்களுக்கோ அந்தப் படிவத்தில் பெயர்கூடக் கிடையாது. நடவும் களையும் போனால் கூலி போகிறது. வடிவாய்க்காலில் கெண்டையும் விராலும் பிடித்துக் குழம்பு வைத்தவர்கள், கரையில் ஆடு மேய்த்தவர்கள், அகலப்படுத்தும்போது குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லப்பட்டவர்கள் - இவர்களெல்லாம் ‘பயனாளிகள்’ பட்டியலிலும் இல்லை, பாதிக்கப்பட்டவர் பட்டியலிலும் இல்லை.

சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம் என்றால் அதுவும் கைவிட்டுவிட்டது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2016-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்து, பராமரிப்புக்காக ஆறு, கால்வாய்களைத் தூர்வாருவதற்கு முன் அனுமதி வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பராமரிப்பு என்று ஒரு சொல் போட்டால் போதும், கீழே இருப்பவனிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

நிவாரணம் இருக்கிறதே என்பீர்கள். 33 சதவீதத்துக்கு மேல் பயிர் அழிந்தால்தான் கணக்கு, அதுவும் பேரிடர் என்று அரசு ஒப்புக்கொண்டால். 2021 ஜனவரி மழையில் கதிரிலேயே நெல் முளைத்தபோது ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்றார்கள், ஏக்கருக்கு எட்டாயிரம் சொச்சம். ஆனால் சாதாரண அடைமழைக்கே நாங்கள் முழுகினால் அது எந்தப் பேரிடர்? பயிர்க் காப்பீட்டைச் சொல்லவே வேண்டாம். அது கிராமத்தின் சராசரி மகசூலைப் பார்க்கிறது. மேட்டில் இருக்கிறவன் நன்றாக அறுத்தால் பள்ளத்தில் இருக்கிறவனின் இழப்பு அந்தச் சராசரியில் மறைந்துபோகும். பிரீமியம் மட்டும் இருவருக்கும் ஒன்று.

வடிகாலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. டெல்டாவில் வடிகால் இல்லாமல் வெள்ளாமை கிடையாது என்பது எங்களுக்கு யாரும் பாடம் எடுத்துத் தெரிய வேண்டியதில்லை. கடலிலிருந்து ஆரம்பித்து மேலே போங்கள் என்கிறோம். முகத்துவாரத்து மணலை அள்ளுங்கள், எங்கள் மதகை அகலமாகக் கட்டுங்கள், அப்புறம் தலைமடையைத் தோண்டுங்கள். அதற்கு முன்னால் உங்கள் கணக்கெடுப்பு ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறுங்கள். கார்த்திகை அமாவாசையன்று, மழை பிடித்துக்கொண்டிருக்கும்போது வாருங்கள். பாலத்தில் நிற்காமல் வயலில் இறங்கி அளந்து, எங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போங்கள்.