அச்சம் தந்த தாமதம்

கொரோனா நுரையீரல் நோய் மட்டுமே என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் அது குருதிக் குழாய்களின் உட்சுவரையும் தாக்கி, இரத்தத்தை உறையச் செய்கிறது. உறைந்த கட்டி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம்!

2020ஆம் ஆண்டு நியூயார்க்கில், இரண்டே வாரங்களில், ஐம்பது வயதுக்குட்பட்ட ஐவர் கொரோனாவோடு பக்கவாதமும் கண்டனர். அவர்களுள் இருவர், நோய் பரவும் காலத்தில் மருத்துவமனைக்குப் போவதா என்று அஞ்சி, ஆம்புலன்சை அழைக்கவே தாமதித்தனர். கட்டியைக் கரைக்கும் மருந்துக்கோ நாலரை மணி நேரமே கெடு!

கிருமியைவிட அச்சத்தையே நான் குற்றவாளி என்பேன். கிருமி நாம் அழைக்காமல் வருகிறது. அச்சத்தை நாமல்லவா வளர்க்கிறோம்?

நண்பர்களே, வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால் வயதைப் பாராதீர்; கடிகாரத்தைப் பாருங்கள். உடனே 108-ஐ அழையுங்கள்!